செல்ஃப் அடிச்சா 'டிக் டிக்' சத்தம் மட்டும்

கேள்வி: பாம்பன்ல கடலோரமா நிக்கிற 150 சிசி வண்டி. செல்ஃப் அடிச்சா ரிலே (செல்ஃப் மோட்டருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) சத்தம் மட்டும். கிக்கர்ல உடனே ஸ்டார்ட். பேட்டரி மாத்தணுமாண்ணே?

பதில் 1: அவசரப்படாதீங்க தம்பி. பேட்டரி ரெண்டு முனையிலயும் வோல்ட் மீட்டர் வச்சுப் பாருங்க. ஃபுல் சார்ஜ்னா 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கையில 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரி படுத்துருச்சு. 12லயே நின்னா மோட்டருக்குக் கரண்டே போகலை.

பதில் 2: உப்புக்காத்துல முதல் சந்தேகம் எர்த் ஒயர்தான் (பேட்டரி நெகட்டிவை இன்ஜின் பாடியோட இணைக்கிற ஒயர்). பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் மீட்டர் வச்சு செல்ஃப் அடிங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த ஒயர் போல்ட்டுக்கு அடியில பச்சைத் துரு பூத்திருக்கும். நெகட்டிவை முதல்ல கழட்டிட்டு உப்புத்தாள்ல தேய்ங்க. இறுக்கின பிறகு மேல வாசலின்.

பதில் 3: சார்ஜிங்கும் பாருங்க. ரேஸ் கொடுத்தா பேட்டரியில 13.5 – 14.5 வோல்ட் வரணும். 15 தாண்டினா ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துற பாகம்) காலி. புது பேட்டரி போட்டாலும் வெந்துரும்.