முன் இடது மூலை

குழு: அல்சூர் வீடு

திங்கள்

காலை 6:38
பெரியப்பா: இன்றும் வண்டி படுத்துவிட்டது. முன் இடது பக்கம் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. மற்ற மூன்று மூலையும் நன்றாகவே நிற்கின்றன.
(படம்)

6:41
பெரியம்மா: ஐந்தரைக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனவர், இன்னும் காபி குடிக்கவில்லை.

6:50
அக்கா: அப்பா, ஸ்டார்ட் செய்தால் எழும்புகிறதா?

6:53
பெரியப்பா: எழும்புகிறது. ஆனால் இரண்டு நிமிடம் கம்ப்ரஸர் உறுமுகிறது. முன்பெல்லாம் இந்தச் சத்தமே காதில் விழாது.

8:05
நான்: சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் என்ன சொன்னார்கள் பெரியப்பா?

8:11
பெரியப்பா: நான்கு ஸ்ட்ரட், கம்ப்ரஸர், வால்வு பிளாக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். எஸ்டிமேட் 6,40,000 ரூபாய். வண்டியை லிஃப்டில் தூக்கிச் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள், எங்கேயும் குமிழி வரவில்லை. எங்கே கசிகிறது என்று தெரியாததால் மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

8:14
அத்தான்: மாமா, 2008 மெர்சிடிஸ் எஸ் கிளாஸுக்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா? அந்தப் பணத்துக்கு ஓரளவு புதிய வண்டியே கிடைக்குமே.

8:22
பெரியப்பா: மாப்பிள்ளை, முதலாளிக்காகப் பதினோரு வருடம் ஓட்டிய வண்டி அது. அவர் போன பிறகு அந்த அம்மா சாவியை என் கையில் கொடுத்து, வேறு யாருக்கும் விற்க மனம் வரவில்லை என்றார்கள். பாப்பா கல்யாணத்துக்கு இந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவாள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

8:24
அத்தான்: சரி மாமா. இனி அதைப் பற்றிப் பேசவில்லை.

8:47
சித்தப்பா: அண்ணா, எதையும் மாற்ற வேண்டாம். வண்டியை ஓட்டவும் வேண்டாம். நான் சொல்வதை முதலில் கேளுங்கள்.

8:55
சித்தப்பா: இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு மூலையிலும் ஸ்ட்ரட் என்ற தூணில் இருக்கும் ரப்பர் பைக்குள் காற்றை அடைத்து, அதன்மேல்தான் வண்டியே நிற்கிறது. கம்ப்ரஸர் காற்றை அடிக்கும். எந்த மூலைக்கு எவ்வளவு என்று வால்வு பிளாக் பிரித்து அனுப்பும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை லெவல் சென்சார்கள் சொல்லும். பேருந்து நிறுத்தத்தில் நம் பெங்களூர் வஜ்ரா வோல்வோ பஸ் ஏறுகிறவர்கள் பக்கம் சாய்ந்து கொடுக்கிறதே, அதுவும் இதே காற்றுப் பைதான். பிஎம்டிசி பஸ் டிப்போவில் இருபது வருடம் அந்தப் பைகளோடுதான் இருந்தேன்.

8:58
சித்தப்பா: ஒரே ஒரு மூலை மட்டும் ராத்திரியில் இறங்கினால் குற்றம் அந்த மூலையில்தான். அந்தப் பை, அதற்குப் போகும் குழாய், குழாயின் பித்தளை முனை, வால்வு பிளாக்கில் அந்த மூலைக்கான வால்வு, இந்த நான்கில் ஒன்று. நான்கு ஸ்ட்ரட்டும் ஒரே நாளில் கெட்டுப்போகாது.

9:02
நான்: அப்படியென்றால் கம்ப்ரஸர் எதற்கு சித்தப்பா?

9:09
சித்தப்பா: அதுதான் பாவம். வீட்டில் குழாய் ஒழுகினால் மோட்டார் நாள் முழுக்க ஓடும் இல்லையா, அதே கதை. பை கசியக் கசிய கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், சூடாகும், உள்ளே பிஸ்டன் ரிங் தேயும். கூடவே அதற்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் ரிலேயும் கெடும். ரிலே ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் நிற்காது, எரிந்துபோகும். கசிவை விட்டுவிட்டுப் புது கம்ப்ரஸர் மட்டும் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

9:10
சித்தப்பா: இன்னொன்று. யாரும் வண்டிக்கு அடியில் கை, தலை எதையும் விடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, கட்டாயம் ஸ்டாண்டு வேண்டும். காற்று இறங்கினால் அத்தனை பாரமும் ஒரே நொடியில் கீழே வரும். பையன்கள் பந்து எடுக்கப் போனாலும் தடுத்துவிடுங்கள் அண்ணி.

9:12
பெரியம்மா: கீழே பூனை குட்டி போட்டிருக்கிறது. இப்போதே இடம் மாற்றிவிடுகிறேன்.

9:15
சித்தப்பா: அண்ணா, இன்று ராத்திரி பத்து மணிக்கு இன்ச் டேப் எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையும் அளந்து எழுதுங்கள். காலையில் மறுபடி அளங்கள். அதற்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்துக்கொண்டு தானே உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அளவு பொய்யாகிவிடும்.

மாலை 7:40
தங்கை: பிளவுஸ் தைக்கக் கொடுத்த சீட்டு யாரிடம் இருக்கிறது?

7:41
பெரியம்மா: என்னிடம்தான். பூஜை அலமாரியில்.

செவ்வாய்

காலை 6:04
பெரியப்பா: ராத்திரி முன்னால் இரண்டும் 37, பின்னால் இரண்டும் 36. காலையில் முன் இடது 29. முன் வலது 36.5. பின்னால் அப்படியே 36.

6:20
சித்தப்பா: எட்டு சென்டிமீட்டர். பின்னால் இரண்டையும் மறந்துவிடுங்கள். வலதில் அரை குறைந்திருப்பதை மட்டும் குறித்து வையுங்கள்.

6:31
அக்கா: வெயில் காலத்தில் இப்படி இறங்கவில்லையே சித்தப்பா?

6:44
சித்தப்பா: அதையும் சரியாகக் கவனித்திருக்கிறாய் அம்மா. விடிகாலைக் குளிரில் ரப்பர் விறைத்து, வெடிப்பு சரியாக மூடாது. காற்றும் குளிர்ந்தால் சுருங்கும். மார்கழியில் அதிகமாகத் தெரியும்.

புதன்

மதியம் 12:15
சித்தப்பா: வில்சன் கார்டனில் நமக்குத் தெரிந்த சின்ன ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறோம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டோம். ‘முன் இடது தாழ்வு’ என்று மட்டும்தான் வருகிறது. ஸ்கேனர் விளைவைத்தான் சொல்லும், ஓட்டையைக் காட்டாது.

12:50
சித்தப்பா: குழாய் முனையில் குமிழி இல்லை. வால்வு பிளாக்கிலும் இல்லை. லிஃப்டில் பையிலும் இல்லை.

12:52
நான்: முதலில் சொன்ன ஒர்க்‌ஷாப்பிலும் இதே நிலைதானே?

1:35
சித்தப்பா: கிடைத்துவிட்டது!
(வீடியோ)

1:41
சித்தப்பா: லிஃப்டில் தூக்கினால் சக்கரம் தொங்கும், ஸ்ட்ரட் முழுசாக நீண்டுவிடும். அப்போது பையில் வேறு இடம் மடியும். வண்டி தரையில் சாதாரண உயரத்தில் நிற்கும்போது எந்த இடம் மடிகிறதோ அங்கேதான் வெடிப்பு. அதனால் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் குமிழியே வரவில்லை. சக்கரத்தைத் திருப்பி, தூசி உறையை விலக்கி, வண்டி தன் பாரத்தோடு நிற்கும்போது தெளித்தோம். அரை நிமிடத்தில் பால் பொங்குவதுபோல் பொங்கியது.

1:44
பெரியப்பா: நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பதினோரு வருடமாக நான் துடைத்த வண்டி, அந்த இடத்துக்குள் என் துணி ஒருநாளும் போனதில்லை.

1:50
சித்தப்பா: அங்கே துணி போகவும் கூடாது அண்ணா. ரப்பருக்கு வயது பதினேழு ஆகிறது. உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை.

1:58
சித்தப்பா: வலது பக்கமும் பார்த்தேன். மடிப்பில் மயிரிழை வெடிப்பு ஓடத் தொடங்கியிருக்கிறது. அந்த அரை சென்டிமீட்டர் அதனால்தான். முன்னால் இரண்டையும் சேர்த்து மாற்றுவோம் என்பது என் எண்ணம். பின்னால் தொட வேண்டாம்.

2:10
அத்தான்: கேட்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள் சித்தப்பா. காற்றையே எடுத்துவிட்டு இரும்பு ஸ்பிரிங் போடும் கிட் விற்கிறதே, அது மலிவாக இருக்கும் அல்லவா?

2:26
சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்விதான். போடலாம், ஓடும். ஆனால் பின்னால் நான்கு பேர் ஏறினால் தானே உயரத்தைச் சரிசெய்வது போய்விடும். வேகத்துக்கு ஏற்பத் தாழ்வதும் போகும். டேஷ்போர்டில் எச்சரிக்கை வராமல் இருக்கத் தனி ஏற்பாடு வேண்டும். நம் தெரு ஹம்ப்களில் இந்த வண்டி மிதந்து போவதே அந்தக் காற்றால்தான்.

2:28
பெரியப்பா: இரும்பு வேண்டாம் மாப்பிள்ளை. காற்றே இருக்கட்டும்.

மாலை 6:15
தம்பி: ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று பார்த்தேன். டபிள்யூ221 என்று நம் வண்டியின் மாடல் எண்தான் போட்டிருக்கிறார்கள். ஆர்டர் போடவா?
(படம்)

6:19
சித்தப்பா: போடாதே! படத்தைப் பார், அது ஏபிசி வண்டியின் ஸ்ட்ரட். எஸ் 600-இல் வருவது. அது காற்றில் அல்ல, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். ஒரே மாடல் வண்டியிலேயே இரண்டு வகை உண்டு. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

6:23
தம்பி: சரி சித்தப்பா. நல்லவேளை கேட்டேன்.

6:40
சித்தப்பா: நாளை ஜேசி ரோடு உதிரிபாகக் கடைகளில் நேரில் கேட்கிறேன். பில்ஸ்டைன் என்றால் மெர்சிடிஸ் கம்பெனிக்கே கொடுப்பவர்கள். ஆர்னாட் என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்று உண்டு, இந்த வேலைக்கென்றே இருப்பவர்கள். பெயரே இல்லாத பெட்டியில் வருவதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சிவாஜி நகர் குஜ்ரியில், அந்தப் பழைய சாமான் சந்தையில், பழைய ஸ்ட்ரட்டும் கிடைக்கும். ஆனால் பழைய ரப்பரை எடுத்துப் பழைய ரப்பருக்குப் பதில் போட்டு என்ன பயன்?

வியாழன்

பகல் 11:30
சித்தப்பா: சேஸிஸ் எண் பொருந்தியது. ஒன்று 62,000, இரண்டும் 1,24,000. புது ரிலே, குழாய்களுக்குப் புதுப் பித்தளை முனைகள் 3,800. பூட்டுக்கூலி 9,000. மொத்தம் 1,36,800. பொருள் வர எட்டு நாள் ஆகும். அதுவரை வண்டி அசையக் கூடாது.

11:34
பெரியம்மா: தாராளமாக வாங்குங்கள் தம்பி. சீட்டுப் பணம் வந்திருக்கிறது.

11:36
அக்கா: பாதி நாங்கள் தருகிறோம். அப்பா மறுக்க வேண்டாம்.

11:37
அத்தான்: ஆமாம் மாமா.

அடுத்த வெள்ளி

மாலை 4:05
நான்: ஒர்க்‌ஷாப்பிலிருந்து எழுதுகிறேன். வலது முடிந்தது, இடது நடக்கிறது. முதலில் பழைய பையின் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் காற்றை விட்டார்கள். எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார் சித்தப்பா. மேலே மூன்று நட், கீழே ஒரு போல்ட், குலுக்கலை அடக்கும் டாம்பருக்குப் போகும் ஒயர் ஒன்று. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் புது ஸ்ட்ரட்டை ஒருவர் இரண்டு கையாலும் குழந்தையைப் போல் பிடித்திருக்க வேண்டும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் எதிரெதிராக முறுக்கினால் பை கெட்டுவிடுமாம்.

4:48
நான்: ஒரு நிமிடம் எல்லோருக்கும் மூச்சே நின்றுவிட்டது. பையன் ஜாக்கியை இறக்கப் போனான், சித்தப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டார். பையில் இன்னும் காற்றே இல்லை. காலிப் பையின்மேல் வண்டியின் பாரம் விழுந்தால் ரப்பர் தவறாக மடிந்து முதல் நாளே கிழியும் என்றார்.

5:20
சித்தப்பா: சக்கரம் தொங்கும்போதே ஸ்கேனர் வழியாகக் கம்ப்ரஸரை ஓட்டிக் காற்றை நிரப்பினோம். அப்புறம்தான் இறக்கினோம். கீழ் போல்ட்டை வண்டி தரையில் சாதாரண உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்கினேன். தொங்கும்போதே முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் போய்விடும். உயர அளவையும் ஸ்கேனரில் புதிதாகப் பதித்தாயிற்று.

5:24
சித்தப்பா: கம்ப்ரஸரையும் சோதித்தேன். உயர்த்தும் பட்டனை அழுத்தினால் தயங்காமல் தூக்குகிறது, சத்தமும் சீராக இருக்கிறது. அதன் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து பழைய கம்ப்ரஸரையே விட்டிருக்கிறேன். அதற்குச் சாக வயசு வரவில்லை.

5:31
பெரியப்பா: லால்பாக் பக்கம் ஒரு சுற்று ஓட்டினேன். ஹம்ப்பில் ஏறி இறங்கியதே தெரியவில்லை. முதலாளி பின்னால் பேப்பர் படித்துக்கொண்டு வருவார், ஒரு எழுத்துகூட அசையாது என்பார். அப்படியே இருக்கிறது தம்பி.

திங்கள்

காலை 7:25
பெரியப்பா: இது மூன்றாவது காலை. 37, 37, 36, 36. ராத்திரி எழுதிய அதே அளவு.

7:26
பெரியம்மா: இன்று ஏழு மணிவரை தூங்கினார்.

7:33
சித்தப்பா: நல்லது அண்ணா. 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவாருங்கள், நட்டுகளை ஒருமுறை பார்த்துவிடுவோம். வாரம் ஒருநாள் டேப் வைத்து அளப்பதை விடாதீர்கள். பின்னால் இருக்கும் ரப்பருக்கும் அதே வயதுதான்.

7:40
தங்கை: பெரியப்பா, பூ அலங்காரத்துக்கு ஆள் கேட்கிறார். பானட்டில் டேப் போட்டு ஒட்டலாமா?

7:41
பெரியப்பா: டேப் வேண்டாம் பாப்பா, பெயின்ட் உரியும். நூலில் கட்டச் சொல். முன்சக்கரத்தின் மேல் சரம் தொங்கக் கூடாது. அன்று காலை நானே நின்று கட்ட வைக்கிறேன்.