மலை ஊற்று லைன்ல ஏர் லாக்: அனுபவம் உள்ளவங்க யோசனை வேணும்

வணக்கம். சேர்வராயன் மலையில ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. மூணு ஊருக்கும் குடிக்க ஒரே ஊற்றுதான். ஊற்றடியில தொட்டி கட்டி, 63 மி.மீ. கறுப்பு ஹெச்டிபிஇ (பிளாஸ்டிக்) பைப்புல மோட்டார் இல்லாம தண்ணி இறங்குது.

பைப் சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம் தாங்கும். கடைசி ஊர் ஊற்றைவிட 90 மீட்டர் தாழ்வு. 10 மீட்டருக்கு ஒரு கிலோ கணக்குல, கீழே குழாயை மூடினா 9 கிலோ ஏறும். ஜாயின்ட் பிடுங்கிக்கிறது அதனாலதான். அழுத்தத்தைப் பாதி வழியிலேயே உடைக்க, 45 மீட்டர் இறக்கத்துல மிதவை வால்வோட ஒரு இடைத்தொட்டி கட்டப் போறோம்.

உண்மையான தலைவலி நடு ஊர். லைன் ஒரு மேடு ஏறி இறங்குது. மாசி, பங்குனியில ஊற்று மெலிஞ்சதும் மேட்டு உச்சியில காத்து அடைச்சு, தண்ணி அதைத் தாண்டாது. இப்போ உச்சியில டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அரை இஞ்ச் வால்வைக் கையால திறக்கணும். முதல்ல உஸ்ஸுன்னு காத்து சீறும், அப்புறம் விட்டுவிட்டுத் துப்பும், தண்ணி ஒரே சீரா வந்ததும் மூடணும். காட்டெருமை நடமாட்டம் உள்ள இடம், இருட்டுல யாரையும் அனுப்ப மனசு வரலை.

காத்தைத் தானா வெளியே விடுற ஏர் வால்வு போட்டா, மழைக்காலச் சேறு மிதவைப் பந்துல ஒட்டி ஒழுகும்னு பயம். மலை லைன்ல போட்டவங்க இருந்தா சொல்லுங்க: எந்த அளவு வால்வு? வடிகட்டி ஊற்றடியில மட்டும் போதுமா? ஏர் வால்வு இல்லாம உச்சியில திறந்த நிலைக்குழாய் (மேல்முனை திறந்த நெட்டுக்குத்துக் குழாய்) வச்சவங்க உண்டா?

இடைத்தொட்டியிலயே ஊர்ப் பங்கையும் பிரிக்கணும். வால்வு வச்சா தினம் சண்டை. ஒரே மட்டத்துல, ஒரே அளவுல, வீட்டுக்கணக்குப்படி ஊருக்கு இத்தனைன்னு ஓட்டை விடலாம்னு மூணு ஊரும் ஒத்துக்கிட்டாங்க. அப்படிக் கட்டின தொட்டியோட வரைபடம் இருந்தா தயவுசெஞ்சு பகிருங்க.