மறு: ‘பாமரர் சுருக்கம்’ வேண்டாம், ‘ஆய்வுப் பொழிப்பு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

ஆய்வுக் கட்டுரையோடு, துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக எழுதிச் சேர்க்கும் அந்த ஒரு பக்கத்துக்குப் பெயர் தேடுகிறோம். இதுவரை வந்தவை: பாமரர் சுருக்கம், எளிய நடைச் சுருக்கம், தெளிவுரை. மூன்றையும் இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

‘பாமரர்’ வேண்டவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துச் சோதனை ஒழுங்குவிதி (536/2014) 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. சோதனை முடிந்த ஓராண்டுக்குள், முடிவுகளைத் துறைசாராதவருக்கும் புரியும்படி எழுதித் தரச் சொல்கிறது அது. அதைப் படிக்கப் போகிறவர்களில், சோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்தவரும் ஒருவர். அவர் பொறியாளராக இருக்கலாம், நீதிபதியாக இருக்கலாம். மரபணுக் கட்டுரைக்கு முன்னால் இயற்பியல் பேராசிரியரும் வெளியாள்தான். தலைப்பிலேயே பாமரர் என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் ஒட்டாது.

‘சுருக்கம்’ வேறு வகைச் சிக்கல். கட்டுரையின் தலைமாட்டில் ஆய்வாளர்களுக்காக இருப்பதை ஏற்கெனவே ‘ஆய்வுச் சுருக்கம்’ என்றுதான் சொல்கிறோம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகளில் அந்த ஆய்வுச் சுருக்கமும் நாம் பெயர் தேடும் இந்தப் பக்கமும் தனித்தனியாக வருகின்றன. இரண்டுக்கும் சுருக்கம் என்று பெயர் வைத்தால் படிப்பவர் எதைத் திறப்பார்?

அதைவிட, செய்கிற வேலையே சுருக்குவது அல்ல. ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ‘இம்மருந்து பக்கவாத அபாயத்தை 50 சதவீதம் குறைத்தது’ என்கிறது ஆய்வுச் சுருக்கம். ஐந்தாறு சொற்கள்தான். பொதுவாசகருக்கு இதை எப்படி எழுத வேண்டும்? ‘மருந்து எடுக்காத 1000 பேரில் 2 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் வந்தது. எடுத்துக்கொண்ட 1000 பேரில் ஒருவருக்கு வந்தது.’ நீளம் கூடிவிட்டது, கவனித்தீர்களா? 50 சதவீதமும் பொய்யில்லை. ஆனால் மருந்தை விழுங்கலாமா என்று யோசிப்பவருக்கு 1000 பேர் கணக்குத்தான் வேண்டும். அதை எடுத்து வைக்கத்தான் இந்தப் பக்கமே இருக்கிறது.

தெளிவுரை நல்ல சொல். என் தயக்கம், அது மூலத்தை அடியொற்றிப் போவது. நமக்கு வேண்டியது கட்டுரையின் வரிசையை விட்டுவிட்டு, வாசகரின் கேள்வியிலிருந்து தொடங்கும் ஒன்று. (நன்னூல் சொல்லும் காண்டிகையுரை இதற்கு அருமையாகப் பொருந்துகிறது: கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. ஐந்தும் நமக்கு வேண்டியவையே! ஆனால் அந்தச் சொல்லையே விளக்க இன்னொரு பக்கம் எழுத வேண்டிவரும்.)

என் பரிந்துரை ‘ஆய்வுப் பொழிப்பு’. பொழிப்புரை பள்ளியிலேயே பழகிய சொல். செய்யுளின் திரண்ட பொருளைத் தன் உரைநடையில் எடுத்துச் சொல்வது அது. அகராதியில் பொழிப்புக்குச் சுருக்கம் என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏழு சீர்க் குறளுக்கு நாம் எழுதிய பொழிப்பு எப்போதும் குறளைவிட நீளமாகத்தான் இருந்தது. மூலத்தைச் செய்யுள் அறியாதவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் அந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. அதைப் படித்த யாரையும் யாரும் பாமரர் என்றதில்லை.

பொழிப்பு மோனை, பொழிப்பு எதுகை என்று யாப்பில் வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். வருகிறது, முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும். ஆய்விதழில் அது குறுக்கிடாது. கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: பொழிப்பாளர், பொழிப்பெழுதுதல், படங்களால் சொன்னால் படப்பொழிப்பு. ஒலிவடிவத்துக்கு மட்டும் ‘ஒலிப்பொழிப்பு’ நாக்கில் இடறுகிறது. அதற்கு வேறு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?