ராணி மங்கம்மாளை யானை அரசியாக எழுதலாமா?

அல்சூர் வாசகி: பெங்களூரில் வளரும் என் மகளுக்காக, 1689 முதல் தன் பேரன் சார்பில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளை யானைக் கூட்டத்தின் தலைவியாக்கிக் கதை எழுதுகிறேன், இறுதியில் பேரனே கூட்டத்தை ஏற்பதாக முடிக்கலாமா?

ஜெயநகர் அன்பர்: வேண்டாம், அம்மா. ஆண் யானை பருவமடைந்ததும் கூட்டத்தைவிட்டு விலகிவிடும். வழிநடத்துவது மூத்த பெண் யானையே. பேரனைப் பேத்தியாக்கிவிடுங்கள்.

மல்லேஸ்வரம் வாசகர்: பேத்தியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மகனை அம்மைக்குப் பறிகொடுத்து, மருமகளையும் இழந்து, கைக்குழந்தைக்காக அரசேற்றவர் அவர். அந்தப் பேரன் கூட்டத்தைப் பிரியும் காட்சியே கதையின் உயிராகும். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவரை, வறண்ட ஓடையின் மணலைக் காலால் தோண்டி ஊற்றெடுத்துத் தரும் கிழத்தலைவியாகக் காட்டுங்கள்.

அல்சூர் வாசகி: நன்றி, ஐயா. ஊற்றுக் காட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.