ஐராவதியின் சித்திரை வெள்ளம்: பனிமலையிலிருந்து வருவதா?

கேள்வி (மாந்தலே, மியன்மார்):
எங்கள் வீடு ஐராவதிக் கரையை ஒட்டியது. மாசியில் ஆறு வற்றி, மணல்திட்டுகளில் நிலக்கடலை போடுகிறார்கள். மழைக்காலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, சித்திரையில் வரும் திங்யான் தண்ணீர் விழா முடிந்த கையோடு ஆறு ஏறத் தொடங்குகிறது. இந்த ஆண்டு படகைக் கட்டிவைக்கும் மூங்கில் முளைக்கழியில் நான்கே நாளில் ஒரு சாண் ஏறியதை நானே அளந்து பார்த்தேன். வடக்கே பனிமலை உருகுவதுதான் காரணம் என்கிறார் படகோட்டி. இது உண்மைதானா?

பதில் 1 (மிச்சீனா, கடைக்காரர்):
ஐயா, ஐராவதி என்ற பெயரே எங்கள் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், மாலி, நமாய் ஆறுகள் கூடும் மிட்சோனில்தான் தொடங்குகிறது. மேற்கிலிருந்து வரும் மாலியில் சிறு படகு போகும். கிழக்கிலிருந்து வரும் நமாய்தான் பெரியது. பனிமலையிலிருந்து இறங்குவதும் அதுவே. அதன் இழுப்பில் படகு நிற்காது. எங்கள் பக்கத்துக் கச்சின் மக்களின் மொழியில் நமாய் என்ற பெயருக்கு 'நல்லதல்லாத ஆறு' என்று பொருள். நான் ஒருமுறை சரக்கு எடுக்க வடக்கே உள்ள பூட்டாவோ ஊருக்குப் போயிருந்தபோது, தை மாத விடியலில் மேகம் விலகிய கால்மணி நேரம் வெண்சிகரங்களைக் கண்டேன்.

பதில் 2 (யாங்கோன், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்):
படகோட்டி சொல்வது பாதி சரி. இமயத்தின் கிழக்குக் கோடியில் 5,881 மீட்டர் உயரமுள்ளதாகக் கணக்கிடப்படும் காக்கபோராசியைச் சுற்றிப் பனியாறுகள் உண்டு. ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் நகர்ந்து, பாறையைச் சுரண்டித் தொட்டி போல் அகன்ற பள்ளத்தாக்கை உண்டாக்குகிறது. அதற்குக் கீழே ஆறு மட்டும் அறுத்த இடமோ செங்குத்தாக ஒடுங்கிவிடுகிறது. ஆனால் சித்திரையில் உங்கள் முளையை நனைப்பது பெரும்பாலும் அந்தப் பழங்கட்டி அன்று. முந்திய குளிர்காலத்தில் சரிவுகளில் படிந்த புதுப்பனியே வெயில் ஏறியதும் முதலில் உருகுகிறது. பனியாறு மிகுதியாக உருகுவது ஆடி, ஆவணியில். அப்போது பருவமழை வெள்ளத்தில் அந்த நீர் இருக்குமிடமே தெரியாது. மாந்தலேயில் கோடை மட்டத்துக்கும் வெள்ள மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 மீட்டர் வேறுபாடு உண்டு. அதற்கு மழைதான் காரணம். சிந்து நதியைப் போல் ஐராவதியும் பனியை நம்பி ஓடுகிறது என்று சிலர் எழுதுவது மிகை. இன்னொன்று: கச்சின் மலைகளில் பங்குனியிலேயே மழை தொடங்கிவிடும். ஆகவே உங்கள் ஒரு சாணில் பனி எவ்வளவு, மழை எவ்வளவு என்று முளையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மிச்சீனா அண்ணாச்சிக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பங்குனியில் உங்கள் பக்கம் மழை பெய்யும் நாட்களைக் குறித்து அனுப்ப முடியுமா? நான் முளையில் கோடு போட்டு வைக்கிறேன்.

பதில் 1:
குறிக்கிறேன் ஐயா. ஆனால் மலையில் பெய்வது கடைவாசலில் தெரியாது. பூட்டாவோவிலிருந்து வரும் லாரிக்காரர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்.