டெங்கு ஆய்வு: மழை நின்றதால் குறைந்த குடம்பியை நம் கணக்கில் எழுதலாமா?

நிலாவெளி_மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்கு திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் ஒரு கிராம சேவகர் பிரிவை எடுத்திருக்கிறோம். 2017 மார்ச்சில் டெங்கால் அந்த ஊர் பட்ட பாடுதான் காரணம். டிசம்பரில் 384 வீடுகளில் குடம்பி (தண்ணீரில் வளரும் நுளம்புப் புழு) கணக்கெடுப்பு, பிறகு வீடு வீடாக விளக்கம், ஜூனில் மறு கணக்கெடுப்பு. நாங்கள் நான்கு பேர். ஒப்பீட்டுப் பிரிவு கட்டாயம் வேண்டுமா? கிணறு, தாங்கிகளை எப்படிப் பார்ப்பது?

கொட்டியாரம்:
கட்டாயம் வேண்டும் தங்கச்சி. நம் பக்கம் வாடைக்காற்று மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஜூனில் சிரட்டை, ரயர் எல்லாம் காய்ந்து கிடக்கும். நீங்கள் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் குடம்பி குறைந்திருக்கும். விளக்கம் பெறாத பிரிவையும் அதே நாட்களில் அளந்தால்தான் மழையின் பங்கையும் உங்கள் பங்கையும் பிரிக்கலாம்.

384 என்பது ஒரு விகிதத்தை ±5% துல்லியத்தில் மதிப்பிடத்தான். விளக்கம் பெற்றது, பெறாதது என்ற இரு தரப்பை ஒப்பிட அது பொருந்தாது. குடம்பி உள்ள வீடுகள் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைவதைக் காட்ட, 80% வலுவுடன் (வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), தரப்புக்கு ஏறத்தாழ 200 வீடு. அயல் வீடுகள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதால் 1.5ஆல் பெருக்குங்கள்: 300. அதையும் ஒரே பிரிவில் எடுக்காமல் தரப்புக்கு 6 பிரிவு, பிரிவுக்கு 50 வீடு என்று பிரியுங்கள். இரண்டு சோடி, சோடிக்கு நாளுக்கு 20 வீடு என்றால் இரு தரப்பின் 600 வீட்டுக்கும் 15 நாள். முடியாவிட்டால் விளக்கத்தை விட்டு, இப்போதைய நிலையை மட்டும் ஒழுங்காக விவரியுங்கள். அரைகுறை ஒப்பீட்டை விட அது எவ்வளவோ பயனுள்ளது.

உப்புவெளி_களம்:
பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். கவனிப்பாரில்லாத வளவில்தான் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். மாலையில் இன்னும் இரண்டு தரம் போய்ப் பாருங்கள். கிண்ணியாவில் வெள்ளி மதியம் வேண்டாம். ஆண்கள் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போன வீடுகள் இருக்கும், ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் இருக்கட்டும்.

"தாங்கியை மூடுகிறீர்களா" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். மூடியைத் தூக்கிப் பாருங்கள், வலை கிழிந்திருக்கும். ரோச் லைட் அடித்தவுடன் டெங்குக் குடம்பி பாம்பு போல நெளிந்து அடிக்கு இறங்கிவிடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்செடுக்க மேலே வரும். அப்போது அகப்பையால் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றி, 70% அல்ககோலில் போடுங்கள். கிணற்றுக்குக் கயிறு கட்டிய நுண்வலை. உப்புத்தண்ணீர் என்று கரையோரக் கிணற்றை விடாதீர்கள், உவர்நீரிலும் டெங்கு நுளம்பு வளர்வது இலங்கைக் கரையோரங்களில் உறுதியானது. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் அடித்தட்டு, பிரிட்ஜின் பின் தட்டு இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

கூட்டுப்புழுவை (குடம்பிக்கு அடுத்து, நுளம்பாகப் பறக்க முந்திய பருவம்) தனியாக எண்ணுங்கள். 120 வீட்டில் 18 பாத்திரத்தில் குடம்பி என்றால் பிறேட்டோ சுட்டெண் (100 வீட்டுக்குக் குடம்பி உள்ள பாத்திரங்கள்) 15. ஆனால் அதில் சிரட்டைக்கும் பரலுக்கும் ஒரே மதிப்பு. எங்கிருந்து அதிக நுளம்பு பறக்கிறது என்பதைக் கூட்டுப்புழுதான் காட்டும்.

நிலாவெளி_மாணவி:
மிக்க நன்றி. ஒப்பீட்டுப் பிரிவில் குடம்பி கண்டால் அப்படியே விட்டுவிட்டு வருவதா?

கொட்டியாரம்:
ஒருபோதும் வேண்டாம். எண்ணி முடித்ததும் வீட்டுக்காரரோடு சேர்ந்து அங்கேயே கவிழ்த்து விடுங்கள். பாத்திரத்தின் சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். கவிழ்க்க முடியாத தாங்கிக்கு 1% டெமிபோஸ் மணல் (குடம்பி கொல்லி மருந்து), 10 லீற்றருக்கு 1 கிராம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம். இதை இரு தரப்பிலும் ஒரே மாதிரிச் செய்தால் ஒப்பீடு கெடாது. விளக்கம் மட்டும்தான் வேறுபாடாக இருக்க வேண்டும்.

ஆனால் கணக்கெடுப்புக்குப் பி.எச்.ஐ.யோடு சேர்ந்து போகாதீர்கள். 2007இன் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டம் விழலாம் என்று சனத்துக்குத் தெரியும், பின்வளவைத் திறக்கமாட்டார்கள். வீட்டு இலக்கத்தோடு எந்த முடிவையும் யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்பதை ஒப்புதல் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். நெறிமுறைக் குழுவும் முதலில் அதைத்தான் தேடும்.