கோப்பு ஆறு மேசை சுற்றுகிறது: எந்தப் படியை எடுக்கலாம்?

கேள்வி:
சிறு கொள்முதல்கூட ஆறு கையொப்பம் தாண்டித்தான் ஒப்புதலாகிறது. தணிக்கையில் மாட்டாமல் எதைக் குறைக்கலாம்?

பதில் 1:
முடிந்துபோன முப்பது கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு மேசைக்கும் வந்த தேதி, போன தேதி இரண்டையும் குறியுங்கள். அந்த மேசையில் என்ன மாறியது என்றும் பாருங்கள். ‘மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்ற ஒரு வரி மட்டும்தான் என்றால் அந்தப் படி வெறும் தபால் வேலை. அதை நீக்கி, தகவலுக்கு நகல் அனுப்பினால் போதும். ஆனால் கேட்பவர், ஒப்புதல் தருபவர், பணம் வழங்குபவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருப்பதைத் தொடவே தொடாதீர்கள். தணிக்கையில் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான், கையொப்ப எண்ணிக்கையை அல்ல.

பதில் 2:
நிதி அதிகார வரம்பையும், அதாவது ஒவ்வொரு அதிகாரியும் தானே ஒப்புதல் தரக்கூடிய தொகையையும் பாருங்கள். விலைவாசி ஏறியும் பழைய தொகையே கிடந்தால் அற்பச் செலவும் உயரதிகாரிக்குப் போகும். வரம்பை உயர்த்தும் ஆணையிலேயே மறுஆய்வுத் தேதியை எழுதிவிடுங்கள். வாய்மொழி உத்தரவு வேண்டாம், ஆள் மாறியதும் பழைய வழக்கம் திரும்பிவிடும்.

பதில் 3:
சுற்றறிக்கைகளை மறக்காதீர்கள். புதியதில் ‘இன்ன எண்ணுள்ளது ரத்து’ என்று எழுதாவிட்டால், கீழே இருப்பவர் பயந்து இரண்டையும் பின்பற்றுவார். தொழில்களுக்குச் சுமை கூட்டும் புது விதி வந்தால் பழையது ஒன்று போக வேண்டும் என்று கனடா 2015இல் சட்டமே போட்டது. ஆனால் விதிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், யாரும் பயன்படுத்தாத விதியை நீக்கிக் கணக்குக் காட்டுவார்கள். அதனால் செலவாகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்: நிரப்ப 20 நிமிடம் ஆகும் படிவம், ஆண்டுக்கு 3,000 என்றால் 1,000 மணி நேரம்.